முப்பதுக்குக் கீழே

பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் விற்கிறவர் முகம் மலரும். வாங்குகிறவர் முகம் கொஞ்சம் சுருங்கும், இனி பேரம் பேச இடமில்லை என்று. நான்கு வருஷமாக இந்தத் தொழிலில் அனுசுயா பார்த்துவந்தது அதுதான். பருத்திப்பட்டில் அன்றைக்கு அது தலைகீழாக நடந்தது.

அனுசுயாவுக்கு வீடு அம்பத்தூரில். முன்பு ஒரு யு.பி.எஸ். கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்தவள். இப்போது செகண்ட்ஹேண்டில் எலெக்ட்ரிக் கார் வாங்க நினைப்பவர்களுக்காகப் போய், பேட்டரியைச் சோதித்து, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பாள். தோள்பையில் ஒரு லேப்டாப், காரில் செருகுகிற தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று, அவ்வளவுதான் சாமான். அந்தச் சனிக்கிழமை அவளை அழைத்துப் போனவன் டில்லிபாபு. ஐயப்பன்தாங்கல்காரன். பதினைந்து வருஷம் அடுத்தவர் டீசல் வண்டியை ஓட்டிவிட்டு, இனிமேல் ஓட்டினால் சொந்த வண்டிதான், அதுவும் எலெக்ட்ரிக்தான் என்று முடிவு செய்திருந்தான்.

ஏரிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த வீடு. தெருமட்டத்திலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டியது. போர்ட்டிகோவில் வெள்ளைக் கார். மேல்மாடியில் ஒரு குடித்தனம். அதற்குப் பக்கத்துச் சந்திலிருந்து தனிப் படிக்கட்டு. கீழே சொந்தக்காரர் கங்காதரன் தனியாக இருந்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் எக்ஸாமினராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பாஸ் போடுவதும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவதும் முப்பத்து மூன்று வருஷமாக அவர் செய்த வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். பேச்சு குறைவு.

அனுசுயா ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகி, லேப்டாப்பைத் திறந்து முக்கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"தொண்ணூத்தி நாலு."

"அப்டின்னா இன்னா மேடம்? நல்லா கீதா?" என்றான் டில்லிபாபு.

"புதுசுல நூறு. ரெண்டு வருஷம் ஆன வண்டிக்குத் தொண்ணூத்தி நாலு ரொம்ப நல்லது. பேட்டரிக்குள்ள இருக்கிற செல்லு எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கு. ஒண்ணுகூடச் சோர்ந்து போகலை."

டில்லிபாபு கார் பானெட்டை மெல்லத் தட்டிக் கொடுத்தான். அனுசுயா வழக்கம்போல விற்கிறவரைப் பார்த்துச் சிரித்தாள். கங்காதரன் சிரிக்கவில்லை. பரீட்சையில் தவறிய பிள்ளையின் பெயரைப் பலகையில் தேடுகிறவர்போல லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை பாருங்கம்மா," என்றார். "அடில வீக்கா இருக்கலாம். மேல நல்லாக் காட்டும், சார்ஜ் கீழ இறங்கினா சட்டுனு படுத்துடும். அப்படி இருக்கும்தானே?"

"சில பேட்டரில இருக்கும் சார். இதுல அப்படித் தெரியலை."

"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?"

டில்லிபாபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா சார், உங்க வண்டிய நீங்களே கொறை சொல்லிகினு கீறீங்க?"

டில்லிபாபு அனுசுயாவைக் கேட் பக்கம் தனியாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "மேடம், இதுல இன்னாவோ கீது. விக்கிறவன் எவனாவது இப்டிப் பேசுவானா? தண்ணி பூந்த வண்டியான்னு கொஞ்சம் பாருங்க. எனக்கு ஒரு சவாரி கீது, நான் கெளம்புறேன். நீங்க சரின்னாதான் நான் எடுப்பேன்."

அவன் போன பிறகு அனுசுயா மறுபடி காருக்குள் உட்கார்ந்தாள். தண்ணீர் புகுந்த அடையாளம் எதுவும் இல்லை. வழக்கமாக அவள் திறக்காத பழைய பதிவுகளையும் திறந்தாள். எந்தெந்தத் தேதியில் எவ்வளவு சார்ஜ் ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று வரிசையாக வந்தது. அந்தக் காரில், ஒரு பிளக்கைச் செருகி பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கிற வசதி இருந்தது. வண்டி வாங்கியதிலிருந்து ஒரே ஒரு தடவைதான் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2023 டிசம்பர் நான்காம் தேதி காலை 7:04க்குத் தொடங்கி, ஐந்தாம் தேதி பகல் 11:52 வரை, ஏறக்குறைய இருபத்தொன்பது மணி நேரம். நின்றதற்கான காரணமும் பதிவாகியிருந்தது: சார்ஜ் முப்பது சதவீதத்துக்கு வந்துவிட்டது, அதற்குக் கீழே எடுக்க வேண்டாம் என்று வண்டியில் வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது.

"சார், இது மிக்ஜாம் புயலப்பதானே? வீட்டுக்குக் கரண்ட் எடுத்தீங்களா?"

கங்காதரன் கதவருகே வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பதினொண்ணு அம்பத்திரெண்டா?"

"ஆமா சார்."

"நிமிஷம்கூட எழுதி வச்சிருக்கா அது?"

அவர் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அதில் இந்தக் காருக்கே எடுத்த மூன்று பேட்டரி ரிப்போர்ட்டுகள் இருந்தன. மூன்று வேறு வேறு இடங்களில், மூன்று வேறு வேறு ஆட்கள் பார்த்தவை. மூன்றிலும் நல்ல நிலை என்றே எழுதியிருந்தது.

"நீங்க நாலாவது," என்றார். "அவங்க மூணு பேரும் இந்த வரியைத் திறந்து பாக்கலை."

"சார், உங்களுக்கு வண்டியை விக்கணுமா வேண்டாமா?"

"இந்த பேட்டரி கெட்டதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்," என்றார் கங்காதரன். "அதுக்கப்புறம் வித்தா என்ன, சும்மா கொடுத்தா என்ன."

பிறகு சொன்னார்.

அவர் மனைவி பத்மாவுக்கு நுரையீரல் இறுகிப்போகிற நோய். கடைசி ஒரு வருஷம் கட்டிலோடுதான். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும்; மூக்கில் அதன் குழாய் இல்லாமல் அவளால் கால் மணி நேரம் தாங்க முடியாது. புகையில்லாத வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம், கரண்ட் போனால் மெஷினையும் ஓட்டலாம் என்றுதான் அந்த அக்டோபரில் இந்தக் காரை வாங்கினார். வண்டியைக் கொடுக்கும்போது ஷோரூம் பையன், "முப்பதுக்குக் கீழ இறக்காதீங்க சார், பேட்டரி ஆயுசு கூடும்" என்றான். அவர் அன்றைக்கே வண்டித் திரையில் அந்த வரம்பைத் தேடி முப்பது என்று வைத்தார். ஒரு விதியைச் சொன்னால் அதன்படி நடக்கிற மனுஷர் அவர்.

புயலன்று திங்கட்கிழமை காலையில் கரண்ட் போனது. செல்போனும் போனது. ஏரி நிரம்பித் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீடு உயரத்தில் இருந்ததால் போர்ட்டிகோவில் கணுக்கால் அளவோடு நின்றது. காரிலிருந்து வயர் இழுத்து மெஷினை ஓட்டினார். அன்று முழுதும் ஓடியது, இரவு முழுதும் ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் திரையைப் பார்த்தபோது முப்பத்திரண்டு இருந்தது. ராத்திரி வரைக்கும் தாங்கும், அதற்குள் ஒரு சிலிண்டர் பார்த்து வைத்துவிடலாம் என்று, பத்மாவிடம் சொல்லிவிட்டு மெயின் ரோட்டு மருந்துக் கடைக்குத் தண்ணீரில் இறங்கி நடந்தார். வரம்பு வைத்தது அவருக்கு நினைவில்லை. கடை பூட்டியிருந்தது. இன்னொரு கடையைத் தேடிப்போய், அதுவும் இல்லாமல், திரும்பி வந்தபோது பன்னிரண்டு நாற்பது.

"உள்ள சத்தமே இல்லை. மெஷின் நின்னிருந்தது. அவளும்." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வண்டியை வந்து பாத்தேன். முப்பதுன்னு காட்டுது. முப்பது! எல்லார்கிட்டயும் பேட்டரி தீந்துபோச்சுன்னு சொன்னேன். என் பொண்ணுகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

அனுசுயா ஃபைலைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் முன்னாடி நின்னதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அஞ்சு நிமிஷம் இருக்கும்னு மனசுல வச்சிருந்தேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா, அப்படின்னு. நீங்க இன்னைக்கு நாப்பத்தெட்டு நிமிஷம்னு சொல்லிட்டீங்க."

"நான் வேணும்னு..."

"இல்லை, இல்லை. அளவு அளவுதான்."

அவர் கேட்டது ஒன்றுதான். அந்த முப்பது உண்மையான முப்பதா, வெறும் எண்ணா? அதே மெஷினை மாட்டி முப்பதுக்குக் கீழே ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மாலை ஆறு இருபதுக்குக் கரண்ட் வந்தது. அதுவரைக்கும் பேட்டரி தாங்காமல் நடுவில் படுத்துவிட்டால், வரம்பு வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் பத்மா பிழைத்திருக்கமாட்டாள். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கணக்குப் போட்டே சொல்லிடலாம் சார்."

"கணக்கு நானும் போட்டேன். அளந்து பாக்காம நான் எதுக்கும் பாஸ் போட்டதில்லை."

வாங்குகிறவனுக்கும் அடிவரை ஓட்டிப் பார்த்த ரிப்போர்ட் நல்லதுதானே என்று அனுசுயா தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஒப்புக்கொண்டாள். அன்று வீட்டில் அவள் கணவன் கிருபாகரன் முழுவதும் கேட்டுவிட்டு, "செத்துப்போனவங்க மெஷினைத் திரும்ப ஓட்டணுமா? போகாத," என்றான். அவள் போவதாகத்தான் இருந்தாள்.

கங்காதரன் செவ்வாய்க்கிழமையையே குறித்திருந்தார். திங்கட்கிழமை முழுக்கப் பூந்தமல்லிக்கும் ஆவடிக்குமாக ஓட்டி ஓட்டிக் காரின் சார்ஜை முப்பத்திரண்டுக்கு இறக்கி வைத்திருந்தார். காலை பத்தரைக்கு அனுசுயா வந்தபோது ஆரஞ்சு நிற வயர் போர்ட்டிகோவிலிருந்து ஜன்னல் வழியாக அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. வண்டித் திரையில் அவளே அந்த வரம்பை எடுத்துவிட்டாள்.

"மெஷினை நீங்க ஆன் பண்ணுங்கம்மா," என்றார். "ரெண்டு வருஷமா நான் அதைத் தொடலை."

அறையில் ஒரு இரும்புக் கட்டில். துவைத்து விரித்த போர்வை. தலைமாட்டில் கம்பியோடு ஒரு சைக்கிள் மணி பொருத்தியிருந்தது, கூப்பிட வேண்டுமென்றால் அடிப்பதற்காக. மெஷின் கட்டிலை ஒட்டி நின்றது. அதன் பக்கத்தில் இருந்த பாட்டிலில் நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தார். சுவிட்சைப் போட்டதும் அது ஒரு முறை நீளமாகக் கத்திவிட்டு உறுமத் தொடங்கியது. பிறகு ஏழு விநாடிக்கு ஒரு முறை உள்ளே எதுவோ மூச்சை இழுத்து விடுகிற மாதிரி ஒரு சத்தம். பாட்டிலில் குமிழிகள் ஏறின.

பத்தே முக்காலுக்குக் கங்காதரன் செருப்பை மாட்டிக்கொண்டார். "அன்னைக்கு இந்நேரத்துக்குத்தான் கிளம்பினேன். அந்த மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வரேன்."

அவர் போனதும் வீட்டில் அவளும் மெஷினும் மட்டுமே. குழாயைத் தரையில் கிடக்க விட மனம் வரவில்லை. எடுத்துத் தலையணைமேல் வைத்தாள். அதன் இரண்டு சிறு முனைகளிலிருந்து வந்த காற்றில் தலையணை உறையின் பிரிந்த நூல் ஒன்று அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. சிறிது நேரத்தில் தன் மூச்சும் மெஷினோடு சேர்ந்து ஏழு விநாடிக்கு ஒரு முறை போவது தெரிந்தது. வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட்டுப் பார்த்தாள். இரண்டு மூச்சுக்குப் பிறகு மறுபடியும் அதோடு போய்ச் சேர்ந்துகொண்டது. எழுந்து ஜன்னலருகே போய், தெருவில் தண்ணீர் கேன் இறக்குகிறவனைப் பார்த்தபடி நின்றாள். முதுகுக்குப் பின்னால் கட்டிலில் யாரோ படுத்திருக்கிற உணர்வு போகவே இல்லை. திரும்பிப் பார்த்தால் நூல் மட்டும் அசைந்தது.

அவர் திரும்பி வந்து போர்ட்டிகோவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "போக வர இருபத்திரெண்டு நிமிஷம்," என்றார். யாரிடமும் சொல்வதாகத் தெரியவில்லை. உள்ளே வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கார் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐம்பத்தைந்துக்கும் ஆகவில்லை. பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கார் 'டிங்' என்று ஒரு தடவை ஒலித்து, முப்பது என்று காட்டியது. மெஷின் நிற்கவில்லை. அனுசுயா அறைக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே நிலைப்படியில் நின்றிருந்தாள். ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தலையசைத்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்துச் சந்துப் படியில் யாரோ வேகமாக இறங்கி வருகிற சத்தம் கேட்டது. மேல்மாடியில் குடியிருக்கிற கன்னியம்மா. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை; கணவன் வெளியூரில். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவள். தலை கலைந்திருந்தது. கங்காதரனைக் கடந்து நேராக உள்ளே வந்து, அறை வாசலில் அனுசுயாவைப் பார்த்து, பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"யாரு மெஷினப் போட்டது?" என்றாள். "ஒரு மணி நேரமா தரைக்குக் கீழ கேக்குது. கெனான்னு படுத்துகினு கெடந்தேன். அக்கா வந்துட்டாங்கன்னு..."

"பேட்டரி டெஸ்ட்டுக்காகம்மா," என்றாள் அனுசுயா. "வேற ஒண்ணுமில்லை."

கன்னியம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மணி அடிச்சாங்க சார்," என்றாள்.

கங்காதரன் நாற்காலியிலிருந்து எழுந்து நிலைப்படிக்கு வந்தார். "என்னது?"

"அக்கா மணி அடிச்சாங்க. புயலன்னிக்கு. நான் மேல இருந்து கேட்டேன். உங்ககிட்ட இத்தினி நாளு சொல்லல."

மெஷின் இரண்டு முறை மூச்சு விட்டது.

"எத்தனை மணிக்கு?"

"டைம் பாக்கல சார். பன்னெண்டு ஆவல."

"எவ்வளவு நேரம்?"

"மொதல்ல வேகமா அடிச்சாங்க. அப்பறம் விட்டு விட்டு. நான் படில எறங்கினேன், நாலு படி. சந்துல தண்ணி கருப்பா ஓடுது. மேல பையன் தனியா தூங்கறான். அவங்க அப்பாவும் ஊட்டுல இல்ல. எனக்குக் காலு வரல சார். நின்னுகினே இருந்தேன். அப்பறம் மணி நின்னுபோச்சு." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, எடுத்தாள். "நின்னுபோச்சே, சார் வந்துட்டாரு போலன்னு நெனச்சிகினு மேல போய்ட்டேன்."

அனுசுயா லேப்டாப்பை மூடினாள். ஏன் மூடினாள் என்று பிறகு யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. கங்காதரன் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கன்னியம்மா மேலே போகவில்லை. போர்ட்டிகோ படியில், அவருக்கு எட்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு இருபத்தாறு. மூன்றரைக்கு இருபத்து மூன்றேகால். ஒவ்வொரு அரை மணிக்கும் அனுசுயா எண்ணைச் சொல்ல, அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஃபைலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அவர் சொன்னபடி சட்டென்று படுத்துவிடுமா என்று அவளும் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். படுத்துவிடட்டும் என்று ஒரு கட்டத்தில் வேண்டிக்கொண்டாள். நல்ல பேட்டரி கெட்டுப்போக வேண்டும் என்று அவள் நினைத்தது வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான். அது நிதானமாக, சீராக, ஒரு குறையும் இல்லாமல் இறங்கியது. நான்கு மணிக்குக் கன்னியம்மா மேலே போய் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். பள்ளி விட்டு வந்த அவள் பையன் மெஷின் சத்தத்தைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அவனை மேலே போகச் சொன்னாள். கங்காதரன் டீயை வாங்கிக் குடித்தார்.

ஆறு இருபதுக்குத் திரையில் பதினெட்டு இருந்தது.

"இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று கேட்டார்.

அனுசுயாவுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "ஒன்பது, பத்து மணி நேரம் ஓடும் சார்."

அவர் எழுந்தார். அன்று முதல்முறையாக அறைக்குள் போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணைமேல் இருந்த குழாயை எடுத்துத் தன் உள்ளங்கையில் பிடித்துக் காற்று வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே சுவிட்சை அணைத்தார். மெஷின் கடைசியாக ஒரு மூச்சு விட்டு நின்றது. அவ்வளவு நேரம் இருந்த சத்தம் போனதும் தெருவில் போகிற சைக்கிளின் சத்தம்கூடக் கேட்டது.

"பேட்டரி மேல தப்பில்லை," என்றார்.

கன்னியம்மா வாசலில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். "நீ இறங்கி வந்திருந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும்? வரம்பு எங்க இருக்கு, எப்படி எடுக்கணும்னு உனக்குத் தெரியுமா? மெஷின் நின்னுபோச்சு."

அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் அதை ஏற்கவில்லை.

"கையப் புடிச்சிகினு ஒக்காந்திருப்பேன் சார்," என்றாள்.

அனுசுயா வயரைச் சுருட்டும் சாக்கில் வெளியே போய்விட்டாள். அறையிலிருந்து அவர் அழுகிற சத்தம் வந்தது. முதலில் மூச்சு முட்டுவதுபோல, பிறகு வாய்விட்டு. கன்னியம்மா உள்ளே போனதைப் பார்த்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. தன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனாள்.

டில்லிபாபுவுக்கு அவள் அன்றைக்கே போன் செய்து, பேட்டரியை அடிவரை ஓட்டிப் பார்த்தாயிற்று, தைரியமாக எடுக்கலாம் என்றாள்.

"அப்பறம் அவரு ஏன் மேடம் அப்டிப் பேசினாரு?"

"அவங்க வீட்டம்மா இறந்துட்டாங்க. அந்த வண்டியைப் பாத்தா அவருக்கு அந்த நினைப்பு."

"அய்யோ," என்றான் டில்லிபாபு. "நான் வண்டிய நல்லா வச்சிக்குவேன்னு அவராண்ட சொல்லுங்க," என்றான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி கைமாறியது. பழைய சொந்தக்காரரின் பெயரை வண்டியிலிருந்து நீக்கிப் புதியவரின் பெயரை ஏற்ற அனுசுயாவும் வந்திருந்தாள். கங்காதரன் முகச்சவரம் செய்துகொண்டு நல்ல சட்டை போட்டிருந்தார். மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக, அனுசுயா கேட்காமலே சொன்னார். மகள் ஒரு வாரம் பேசவில்லை. நேற்றுத்தான் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாளாம்.

வண்டித் திரையில் அவர் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்துவிட்டு அனுசுயா நிறுத்தினாள்.

"சார், இதை அழுத்தினா பழைய பதிவெல்லாம் அழிஞ்சிடும். புயலன்னைக்கு உள்ளதும்தான். வேணும்னா அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தரேன்."

அவர் யோசித்தார். டில்லிபாபு கார் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, எதற்கென்று தெரியாமலே காத்திருந்தான்.

"வேண்டாம்மா," என்றார் கங்காதரன். "அங்க அழிஞ்சா அழியட்டும். எனக்கு அழியாது." அவரே விரலை நீட்டித் திரையை அழுத்தினார்.

டில்லிபாபு வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் இறக்கினான். சத்தமே இல்லாமல் அது ஏரிக்கரைப் பக்கம் திரும்பி மறைந்தது. போர்ட்டிகோ திடீரென்று அகலமாகத் தெரிந்தது. தரையில் நான்கு சக்கரங்கள் நின்ற இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

கன்னியம்மா மாடிப் படியில் பாதி வரை இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவாள் என்று அனுசுயா நினைத்திருந்தாள். இல்லையென்றால் அவரே போகச் சொல்வார் என்று. இரண்டும் நடக்கவில்லை.

"இன்னைக்கு நைட் ஷிஃப்டா?" என்று கேட்டார் கங்காதரன், நிமிர்ந்து பார்க்காமலே.

"ஆமா சார்."

"பையனைத் தனியா விட்டுட்டுப் போகாத. கீழ அனுப்பு. இங்க படுத்துக்கட்டும்."

"சரி சார்," என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.